கரிச்சுவரில் ஒரு பஸ்

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் இலட்சுமிக்கு வியர்த்துவிடும். டொக்டர் என்றால் டொக்டர், டீச்சர் என்றால் டீச்சர், ஒரே சொல்லில் முடிந்துபோகும். கிருஷாந்தினியின் படிப்பு அப்படி ஒரு சொல்லுக்குள் அடங்குகிற சாமான் இல்லை. நாடகம் உண்டு, ஓவியம் உண்டு, ஆட்டம் பாட்டு உண்டு, நடுவில் சமூகவியல் என்று ஒன்றும் வீடியோ எடுப்பது என்று ஒன்றும் உண்டு. இவற்றைத் தனித்தனியாகப் படிக்காமல் ஒன்றோடு ஒன்றைக் கலந்து படிப்பதுதான் அந்தப் பட்டத்தின் விசேஷமாம். "கூட்டாஞ்சோறு மாதிரிம்மா" என்று மகள் ஒருமுறை விளக்கினாள். இலட்சுமி அதை அப்படியே பக்கத்து வீட்டு பிரவீனாவின் அம்மாவிடம் ஒப்பிக்கப்போக, "அதுக்கு கெம்பஸ் எதுக்குங்க, எங்க அடுப்புக்கு வந்தா போதாதா?" என்று அந்த மனுசி சிரித்துவிட்டாள்.

அதிலிருந்து இலட்சுமி ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "பெரிய படிப்புங்க. முடியட்டும், பாருங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை. றத்தோட்டைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கொக்கோவும் கலந்து கிடக்கிற அந்தத் தோட்டத்தில் கெம்பஸுக்குப் போன முதல் பெண்பிள்ளை கிருஷாந்தினி. படிப்பின் பெயர் எதுவாக இருந்தால் என்ன, அந்தப் பெருமையில் ஒரு பொட்டும் குறையவில்லை. கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்கும்போது இலட்சுமி கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பாள்.

கடைசி வருசத்தில் ஒரு பரீட்சை வந்தது. எழுதுகிற பரீட்சை இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து, அந்த இடத்து வாழ்க்கையை வைத்து ஒரு படைப்புச் செய்ய வேண்டும். அதில் ஓவியமும் இருக்க வேண்டும், நடிப்பும் இருக்க வேண்டும். மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. செய்த இடத்திலேயே காட்ட வேண்டும். மார்க் போடுகிறவர்களே அங்கே வருவார்கள். கூடப் படித்த பிள்ளைகள் கோட்டை, கோயில், கடற்கரை என்று எடுத்தார்கள். மாத்தளை டவுனிலிருந்து போகிற ஜெஸ்லா என்ற சிநேகிதி வாப்பாவின் மிளகுக் கடையை எடுத்தாள். கிருஷாந்தினி எடுத்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டுக் குசினிச் சுவரை.

"எந்தச் சொவரு?" என்று இலட்சுமி கேட்டாள்.

"அடுப்புக்குப் பின்னால இருக்குறது. கரி புடிச்ச சொவரு."

"ஏண்டி, ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

அந்தச் சுவரைப் பற்றி இலட்சுமிக்கு இருந்ததெல்லாம் வெட்கம் ஒன்றுதான். விறகடுப்புக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைத் தகரம் வரைக்கும் அட்டைக் கறுப்பு. தைப்பொங்கலுக்கு முன்னால் லயத்தில் ஒரு வீடு விடாமல் சுண்ணாம்பு அடிப்பார்கள். மாத்தளைச் சூளைகளிலிருந்து வருகிற சுண்ணாம்பை வாளியில் கரைத்து, முதலில் முன்திண்ணையான இஸ்தோப்பு, பிறகு உள்ளறையான காம்பரா, கடைசியில் குசினி. அடுத்த பொங்கலுக்குள் குசினி மறுபடி கறுத்துவிடும், அது வேறு விசயம். ஆனால் மகள் முந்தின வருசமே கேட்டுவைத்தாள் என்பதற்காக இலட்சுமி இரண்டு பொங்கலுக்குக் குசினியை வெள்ளையடிக்காமலே விட்டாள். லயத்துப் பெண்கள் தண்ணீர்ப் பீலியடியில் அதைப் பேசிச் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதுவும் போதவில்லை. "கரி இன்னும் கெட்டியாப் படியணும்மா" என்றாள் மகள். அதற்காக இலட்சுமி ஈர விறகாகப் பொறுக்கி எரித்தாள். ஊதி ஊதிக் கண் இரண்டும் கோவைப்பழமாயிற்று. இருமல் நிற்கவில்லை. அவள் புருசன் பொன்னையா இஸ்தோப்பில் உட்கார்ந்து, "வீட்ட எரிச்சாத்தான் பட்டம் குடுப்பாங்களோ என்னமோ" என்று முனகினான். முனகினாலும் ஈர விறகை வெட்டிக்கொண்டு வந்து போட்டவனும் அவன்தான்.

கிருஷாந்தினி பழைய குடைக்கம்பி ஒன்றைத் தீட்டி வைத்துக்கொண்டு கரியைச் சுரண்டினாள். சுரண்டிய இடத்தில் அடியிலிருந்த பழைய சுண்ணாம்பு வெள்ளைக் கோடாக எழும்பி வந்தது. இடது மூலையில் தொடங்கினாள். ஒரு பொம்பளை அடுப்பு ஊதுகிறாள். ரொட்டி தட்டுகிறாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை விட்டுவைக்கப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுகிறாள். கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக மலை ஏறுகிறாள். எந்தப் படத்திலும் முகம் இல்லை, முதுகு மட்டும்தான்.

"இது நானாடி?"

"வேற யாரு?"

இலட்சுமி தன் முதுகை அதுவரைக்கும் பார்த்ததில்லை. தோள்பட்டை ஒன்று மற்றதைவிட இறங்கியிருந்தது. கூடைக் கயிறு இழுத்து இழுத்து அப்படி ஆகியிருக்க வேண்டும். தன்னை யாரோ இவ்வளவு காலமாகக் கவனித்திருக்கிறார்கள். அன்றைக்கு மகளுக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள்.

பரீட்சைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது சுவரின் வலது பக்கத்தில் புதிதாக ஒன்று வந்தது. இலட்சுமி மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் ஒரு பஸ் நின்றது. அதே பொம்பளை, அதே இறங்கின தோள், கையில் ஒரு பை. ஒரு கால் தரையில், ஒரு கால் மிதிபலகையில்.

அந்தக் கதை தெரிந்த ஆள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்த ஆளிடம் அதைச் சொன்னவளும் இலட்சுமியேதான்.

முதல் வருச விடுமுறையில் வந்த கிருஷாந்தினி திரும்பிப் போக மாட்டேன் என்று இதே அடுப்படியில் சுருண்டு படுத்துவிட்டாள். கூடப் படிப்பவர்கள் எல்லாம் சின்ன வயதிலேயே பரதம் பழகி அரங்கேற்றம் முடித்தவர்களாம், ஓவிய வகுப்புக்குப் போனவர்களாம். இவளுக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ்த் தினப் போட்டியில் நடித்த நாடகம். "நான் அங்க ஒரு ஆளே இல்லம்மா" என்று அழுதாள். ஆறுதல் சொல்ல இலட்சுமியிடம் கெட்டிக்கார வார்த்தைகள் இல்லை. தன்னிடம் இருந்ததிலேயே மறைவான ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

கிருஷாந்தினி தவழ்ந்துகொண்டிருந்த காலம். பொன்னையா அப்போது குடிப்பான். சம்பளம் வந்த அன்றைக்கே கள்ளுத் தவறணைக்குப் போய்விடும். மூத்தவன் இந்திரகுமாருக்கு ஓயாத காய்ச்சல். கூரை ஒழுகியது. ஒருநாள் காலையில் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டவள் மலைக்கு ஏறவில்லை. ரோட்டுக்கு இறங்கினாள். மாத்தளை பஸ்ஸில் ஏறி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தாள். கொழும்புக்குப் போய் எந்த வீட்டிலாவது வேலைக்கு நின்றுவிடலாம் என்பதுதான் யோசனை. கொழும்பு பஸ் வந்ததும் ஏறியும் விட்டாள். கொண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. மார்பு பால் கட்டி வலித்தது. இறங்கி, கடையில் பிள்ளைகளுக்குப் பணிஸ் வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்துவிட்டாள்.

எங்கே போனாய் என்று கேட்டவர்களிடம் பல்வலி, டிஸ்பென்சரிக்குப் போனேன் என்றாள். பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு கிடந்தாள். அன்றைக்குப் பார்த்துப் பொன்னையா குடிக்காமல் வந்தான். மரத்திலிருந்து பச்சைக் கராம்பு பறித்துவந்து, நசுக்கி, "எந்தப் பல்லு, காட்டு" என்று தன் விரலாலேயே வைத்து அழுத்தினான். வலிக்காத பல்லில் கராம்பு எரிந்த எரிச்சலுக்கு இலட்சுமி அழுத அழுகை கொஞ்சமல்ல. அவன் வலியில் அழுகிறாள் என்று நினைத்துத் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் பாதியில விட்டுட்டு ஓடியிருந்தா நீ என்ன ஆகியிருப்ப? நீயும் பாதியில விடாத. போயி உக்காரு, கால் ஒதறத்தான் செய்யும், ஆனா எதுக்குப் போனியோ அத முடிச்சிட்டு வா" என்று மகளிடம் சொல்லியிருந்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நாள் கெம்பஸுக்குப் போனாள்.

இப்போது அந்தக் கதை சுவரில் நின்றது.

"என்ன புள்ள இது?" என்று இலட்சுமி கேட்டாள்.

கிருஷாந்தினி கம்பியைத் துடைத்துக்கொண்டே, "எப்படிம்மா இருக்கு? இதுதான் உச்சம்" என்றாள். அவள் முகம் பளபளத்தது. அம்மாவின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். "ஏம்மா, பேரு போடல. மொகம்கூட இல்ல. நீங்கதான்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"லயத்துச் சனம் அம்புட்டும் வரும். ஒங்கப்பா வருவாரு. அவருக்கு என் முதுகு தெரியாதாடி?"

இலட்சுமி சுவரின் வலது ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு அப்பால் வெறும் கறுப்பு.

"நான் திரும்பி வந்தது எங்க?"

"அது இல்லம்மா."

"ஏன் இல்ல?"

"முடிவு தெறந்து இருக்கணும். போனாளா இல்லையான்னு பாக்குறவங்க யோசிக்கணும். திரும்பி வந்துட்டான்னு காட்டினா சாதாரணமாப் போயிரும். அழகா இருக்காதும்மா."

போனது அரை நாள். திரும்பி வந்து இருந்தது இத்தனை வருசம். அந்த அரை நாள்தான் அழகாம்! ஆத்திரத்தில் கத்தியிருப்பாள், இஸ்தோப்பில் பொன்னையா இருமுகிற சத்தம் கேட்டது. சத்தத்தை அடக்கி, மகளின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். பெற்ற பிள்ளையிடம் கெஞ்சினாள் என்பதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசும். "மத்ததெல்லாம் இருக்கட்டும். என் முதுகு, என் அடுப்பு, என் கரி, எல்லாம் எடுத்துக்க. இத மட்டும் அழிச்சிரு."

கிருஷாந்தினி நெடுநேரம் சுவரையே பார்த்தாள். பிறகு அம்மாவின் உச்சந்தலையில் கையை வைத்தாள். "சரி, அழிச்சிர்றேன். சத்தியமா." அன்றைக்கே சுவர் முழுவதையும் சாக்குகளால் மூடிவிட்டாள். பரீட்சைக்கு முன் யாரும் பார்க்கக் கூடாதாம். இலட்சுமி நம்பினாள். தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது?

பரீட்சை நாள் வந்தது. கெம்பஸிலிருந்து பெரிய மனுசர்கள் வருகிறார்கள் என்று லயமே அமர்க்களப்பட்டது. முதல் நாளே பொன்னையா சுண்ணாம்பு கரைத்து இஸ்தோப்பை வெள்ளையடித்துவிட்டான். மீதிச் சுண்ணாம்பு வாளியோடு குசினி வாசலில் இருந்தது, பிரஷும் அதற்குள்ளேயே கிடந்தது. ஜெஸ்லா காலையிலேயே வந்து வெளியே கமரா பொருத்திக்கொண்டிருந்தாள். கிருஷாந்தினி அம்மாவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கோடு, வருகிறவர்களைக் கூட்டிவரச் சந்திக்குப் போயிருந்தாள். பொன்னையா நாற்காலி இரவல் வாங்கப் போயிருந்தான்.

இலட்சுமி தேத்தண்ணிக்குக் கொதிநீர் வைத்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிசம், சும்மா, மனசு சமாதானத்துக்காகச் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

பஸ் இருந்தது. அழியவில்லை என்பது மட்டுமில்லை, வளர்ந்திருந்தது. ஜன்னல்கள் வந்திருந்தன. கொண்டக்டர் வந்திருந்தான். மிதிபலகையில் நின்ற பொம்பளை இப்போது கொஞ்சம் திரும்பியிருந்தாள். இடது காது தெரிந்தது. காதின் சோணை இரண்டாகக் கிழிந்து தொங்கியது. கைப்பிள்ளையாக இருந்த இந்திரகுமார் தோட்டைப் பிடித்து இழுத்துக் கிழித்த காது அது. அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு காது இலட்சுமிக்கு மட்டும்தான் உண்டு.

கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு வெறுமை. சந்தைக் கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவிப்போனால் வருமே, அது. தலையில் வைத்த கை என்ன கை? காதைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாளே, எப்போது பார்த்தாள்? பக்கத்தில் படுத்துத் தூங்கினாளே, அப்போதா?

இலட்சுமி சாக்குகளை உருவி எறிந்தாள். வாளியை இழுத்து வந்தாள். பிரஷைத் தோய்த்துப் பஸ்ஸின் மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். கரியும் சுண்ணாம்பும் கலந்து சாம்பலாக வழிந்தது. பஸ்ஸோடு நிறுத்துவோம் என்றுதான் தொடங்கினாள். கை நிற்கவில்லை. மலை ஏறுகிறவள், ரொட்டி தட்டுகிறவள், அடுப்பு ஊதுகிறவள் எல்லோர் மேலும் பூசினாள். கொழுந்து கிள்ளி வெடித்த விரல்களில் சுண்ணாம்பு இறங்கி நெருப்பாக எரிந்தது. எரியட்டும் என்று பூசினாள். இரண்டு பொங்கலாக அடிக்காத வெள்ளையை ஒரேயடியாக அடித்தாள்.

சுண்ணாம்பு பூசின உடனே வெளுக்காது. ஈரத்தில் மங்கலாகத்தான் இருக்கும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். அதனால் வேனில் வந்தவர்கள் குசினிக்குள் நுழைந்தபோது சாம்பல் நிறச் சுவரில் படங்கள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றன. இலட்சுமி கையில் பிரஷோடு, முழங்கை வரைக்கும் சுண்ணாம்போடு, மூச்சு வாங்க நின்றாள். முன்னால் ஒரு மேடம், கொழும்புக்காரி, தமிழ் பேசுகிறவள். அவளுக்குப் பின்னால் ஒரு சிங்களச் சேர். ஜெஸ்லா கமராவோடு. வாசலை அடைத்துக்கொண்டு லயத்துச் சனம். அவர்களுக்கு நடுவில் இரவல் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பொன்னையா.

கிருஷாந்தினி சுவரைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. பல மாத உழைப்பு, மார்க், பட்டம் எல்லாம் அந்த ஈரத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது. கத்துவாள், அழுவாள், ஏம்மா இப்படிச் செஞ்சீங்க என்று கேட்பாள் என்று இலட்சுமி காத்திருந்தாள். அவள் அழுதிருந்தால் இவளும் சேர்ந்து அழுதிருப்பாள். கேட்டிருந்தால் அடித்திருப்பாள், பிறகு கட்டியும் பிடித்திருப்பாள்.

"இது என்ன நடக்குது?" என்று மேடம் கேட்டாள்.

கிருஷாந்தினியின் கண் அம்மாவிடம் வந்தது. வந்து, ஒரு கணம் நின்று, கணக்குப் போட்டது. இலட்சுமி அதைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தில் வருகிற சாயல் எல்லாம் அவளுக்குத் தெரியும். இதைப் போல ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

"இதுவும் படைப்போட ஒரு பகுதிதான் மேடம்" என்றாள் மகள். "நான் வரையுறேன். அம்மா அழிக்கிறாங்க."

அப்படிச் சொல்லிவிட்டு நடிக்கத் தொடங்கிவிட்டாள். அடுப்பு ஊதினாள், ரொட்டி தட்டினாள், இடுப்பில் இல்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுப்புச் சூட்டில் சுவர் காயத் தொடங்கியது. ஒவ்வொரு படமாக வெள்ளைக்குள் போனது. அவள் நடித்து முடிக்க, பின்னால் அது மறைய, என்னவோ பேசி வைத்துச் செய்ததுபோல ஆகிவிட்டது. கடைசியில் கையில் பையோடு ஒரு காலைத் தூக்கி நின்றாள். இடது கையால் காதுச் சோணையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைங்கள விட்டுட்டு ஒருநாள் அவ கொழும்பு பஸ்ஸுல ஏறினா" என்றாள். "அவ எறங்கினாளா இல்லையான்னு இந்தச் சொவருக்குத் தெரியும். சொவரு சொல்லாது."

சுவரில் பஸ் போய்விட்டது. வாய்விட்டுச் சொன்னதை எந்தச் சுண்ணாம்பு மறைக்கும்?

இலட்சுமியால் பொறுக்க முடியவில்லை. பிரஷ் கையிலிருந்து விழுந்தது. "மேடம், இது நடிப்பு இல்லீங்க" என்றாள். "நாங்க பேசி வச்சுச் செய்யல. நம்பிச் சொன்னத எடுத்து ஊருக்குக் காட்டிட்டா எம்மக. வேணாம்னு கெஞ்சினேன். தலையில கை வச்சு சத்தியம் பண்ணிட்டு வரைஞ்சிருக்கா. வயித்தெரிச்சல்ல பூசினேன். நெசமாத்தான் சொல்றேன்."

கொதிநீர் மட்டும் கொதித்தது. மேடத்தின் கண்கள் கலங்கியிருந்தன. அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கை தட்டத் தொடங்கினாள். சேர் தட்டினார். "ஹரிம லஸ்ஸனய்" என்றார். மிகவும் அழகாக இருக்கிறதாம். பெரியவர்கள் தட்டினால் சனம் தட்டாமல் இருக்குமா? பிரவீனாவின் அம்மா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். "இலட்சுமி இம்புட்டு நல்லா நடிக்கும்னு நமக்குத் தெரியாமப் போச்சே!"

கிருஷாந்தினி வந்து அம்மாவின் சுண்ணாம்புக் கையைப் பிடித்தாள். பிடித்து உயர்த்தி, தன் கையோடு சேர்த்து, சபைக்குக் கும்பிடு போட வைத்தாள். கை தட்டல் இன்னும் கூடியது. அந்தச் சத்தத்துக்குள் குனிந்து, காதோடு, அந்தக் கிழிந்த காதோடு, "தேங்ஸ்மா" என்றாள்.

அவள் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னாள். அதுதான் இலட்சுமிக்குத் தாங்கவில்லை. கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். பிடி இறுகலாக இருந்தது. உருவினாலும் அதையும் நடிப்பு என்றுதான் சொல்லப்போகிறார்கள். இனி தான் அழுதாலும், கத்தினாலும், மண்ணில் விழுந்து புரண்டாலும் இவர்கள் கை தட்டுவார்கள் என்று அவளுக்கு விளங்கியது. சொந்தக் குசினியில் சொந்த வாயால் சொன்ன உண்மைக்கு இடம் இல்லாமல் போயிற்று.

பிறகு எல்லோரும் தேத்தண்ணிக்கு இஸ்தோப்புக்குப் போனார்கள். மேடம் மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு எதிர்ப்பு, அழிப்பு, தாயின் குரல் என்று என்னவோ சொல்லிக்கொண்டு போனாள். மகள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஜெஸ்லா மட்டும் கமராவை மூடிக்கொண்டு வாசலில் ஒரு நிமிசம் தயங்கினாள். இலட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், "ஆன்ட்டி, கையக் கழுவுங்க, எரியும்" என்றுவிட்டுப் போனாள்.

பொன்னையா போகவில்லை. நாற்காலியை இறக்கி வைத்துவிட்டுச் சுவருக்கு எதிரே நின்றான். சுவர் இப்போது முழுக்க வெளுத்திருந்தது. அத்தனை பேரில் கை தட்டாதவன் அவன் ஒருவன்தான் என்பதை இலட்சுமி அப்போதுதான் உணர்ந்தாள். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. மகளுடைய சிரிப்பு அதில் தனியாகத் தெரிந்தது.

"அந்தப் பல்வலியா, லெச்சுமி?" என்று பொன்னையா கேட்டான்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டான், அந்தக் கராம்பு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல. பிறகு சுவரைக் காட்டினான்.

"நீ திரும்பி வந்ததையும் வரைஞ்சிருந்தாளா?"

"இல்ல" என்றாள் இலட்சுமி. "அது அழகா இருக்காதாம்."